நுங்கம்பாக்கத்து இரவுகளும் மொட்டை மாடி டெலஸ்கோப்பும் (நீண்ட இழை)

1. "டாக்டர், அந்த ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கலாமா?"ன்னு இன்பாக்ஸ்ல நிறைய பேர் கேட்கறீங்க. பதில் கடைசியில. அதுக்கு முன்னாடி அந்தக் கருவிக்குப் பின்னால இருக்கிற ஒரு சென்னைக்காரரோட கதை. பொறுமையா படிங்க சொந்தங்களே.

2. கருவி என்னன்னு முதல்ல பார்த்துடலாம். உதாரணத்துக்கு சீஸ்டார் எஸ்50. லென்ஸ் 50 மி.மீ., எடை சுமார் இரண்டரை கிலோ. மொட்டை மாடியில வச்சு, போன்ல ஓரியன் நெபுலாவைத் தொட்டா போதும். அதுவே திரும்பித் தேடிப் பிடிச்சு, படத்தை போனுக்கு அனுப்பிடும்.

3. நம்ம கண்ணால அது ஏன் முடியல? இருட்டுக்குப் பழக கண்ணுக்கு 20 முதல் 30 நிமிஷம் ஆகும். விழித்திரையில ரோடாப்சின் மறுபடி சேரணும். அப்படியே பழகினாலும் கண்ணால ஒளியைச் சேர்த்து வைக்க முடியாது. வந்த ஒளியை உடனே மூளைக்கு அனுப்பிடும், அவ்வளவுதான்.

4. கருவி சேர்த்து வைக்கும். 10 விநாடிக்கு ஒரு படம், அரை மணியில 180 படம். எல்லாத்தையும் ஒன்னு மேல ஒன்னு அடுக்கும். பிறந்த குழந்தைக்குக் காது கேட்குதான்னு பார்க்க பெரா டெஸ்ட் எடுக்கிறோமே, அதே தத்துவம். ஒரு கிளிக் சத்தத்துக்கு மூளை தர்ற பதில் இரைச்சல்ல மூழ்கிடும். ஆயிரம் முறைக்கு மேல கொடுத்து சராசரி எடுத்தா அலை தெளிவா எழும்பி வரும்.

5. சரி, வானத்துல எந்தப் பக்கம் பார்க்கிறோம்னு அதுக்கு எப்படித் தெரியுது? ஒரு படம் எடுத்து, அதுல இருக்கிற புள்ளிகளோட அமைப்பை விண்மீன் அட்டவணையோட ஒப்பிடும். ஆக, 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்குள்ள இருக்கிறது ஒரு அட்டவணை. அந்த மாதிரி அட்டவணைகளை முதல்ல தயாரிச்சது மனுஷங்க. ராத்திரி ராத்திரியா முழிச்சிருந்து!

6. அப்படி முழிச்ச இடங்கள்ல ஒன்னு நம்ம சென்னை. 1786-ல வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூர்ல சொந்தமா ஒரு வான் ஆய்வுக்கூடம் வச்சார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதை ஏத்துக்கிட்டது. 1792-ல நுங்கம்பாக்கத்துக்கு வந்தது. அங்க நட்ட கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்துல நிக்குது. அதுல தமிழ்லயும் கல்வெட்டு உண்டு.

7. டி.ஜி. டெய்லர் தலைமையில அங்க சுமார் 11,000 விண்மீன்களை அளந்து, 1844-ல 'மெட்ராஸ் கேட்டலாக்' வெளியாச்சு. 1861-ல நார்மன் போக்சன் பொறுப்புக்கு வந்தார். விண்மீன் பிரகாசத்துக்கு இன்னைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துற கணக்கை (5 படி வித்தியாசம்னா 100 மடங்கு) வகுத்தவர் அவர்தான். வந்த வருஷமே சென்னையிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சு 'ஏசியா'ன்னு பேர் வச்சார்.

8. இப்போ நம்ம ஆள். சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சின்ன வயசுலயே அங்க வேலைக்குச் சேர்ந்து முதல் உதவியாளர் வரைக்கும் உயர்ந்தவர். உச்சிக்கோட்டைத் தாண்டுற ஒவ்வொரு விண்மீனோட நேரத்தையும் உயரத்தையும் குறிக்கிறது அவர் வேலை. கேட்க அலுப்பா இருக்கும். ஆனா 1867-ல அந்த அலுப்பான வேலையிலதான் தெற்கு வானத்துல ரெட்டிகுலம் மண்டலத்துல ஒரு விண்மீனோட வெளிச்சம் மாறுறதை அவர் பிடிச்சார். அதுதான் ஆர் ரெட்டிகுலி.

9. நவீன காலத்துல இந்தியர் ஒருவரோட வானியல் கண்டுபிடிப்பா பதிவானவற்றுல இது மிக முந்தினது. 1872-ல லண்டன் ராயல் வானியல் கழகத்தோட ஃபெல்லோ ஆனார். 1874 டிசம்பர் 9-ல வெள்ளி சூரியனைக் கடந்தப்போ, மக்கள் பயப்படாம புரிஞ்சுக்கணும்னு ஆங்கிலத்துலயும் இந்திய மொழிகள்லயும் விளக்க நூல் எழுதினார். கண்ணால பார்த்ததோட பொருந்துற மாதிரி கணிச்ச திருக்கணித பஞ்சாங்கத்தையும் வெளியிட்டார். 1880-ல மறைஞ்சார். நம்ம வீட்டுல மாட்டியிருக்கிற பஞ்சாங்கத்துக்கும் இந்த மனுஷனுக்கும் இருக்கிற உறவு எத்தனை பேருக்குத் தெரியும்?

10. நகரம் வளர வளர வானியல் மலை ஏறிடுச்சு. 1899-ல கொடைக்கானல். 1960-கள் கடைசியில நமக்குப் பக்கத்துலயே, ஜவ்வாது மலையில காவலூர். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு. 1977 மார்ச் 10-ல யுரேனஸ் ஒரு விண்மீனை மறைச்சப்போ, அந்த விண்மீனோட ஒளி எதிர்பாராம மங்குறதை காவலூர் ஒரு மீட்டர் தொலைநோக்கி பதிவு பண்ணுச்சு. யுரேனஸ் வளையம் கண்டுபிடிக்கப்பட்டது அதே நிகழ்வுல, அமெரிக்க விமான ஆய்வுக்கூடத்தால. 1988-ல காவலூர்ல கண்டுபிடிச்ச சிறுகோளுக்குப் பேர் ராமானுஜன்.

11. அங்க இருக்கிற 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவுலயே உருவானது. அதைக் கனவு கண்ட பாப்பு 1982-லயே இறந்துட்டார். 1986-ல அவர் பேரையே அதுக்கு வச்சாங்க.

12. இந்த வரலாற்றுல ஒன்னு கவனிங்க. ஒவ்வொரு தடவையும் கருவி பெருசாச்சு, இருட்டு தள்ளிப் போச்சு. எழும்பூர், நுங்கம்பாக்கம், கொடை, காவலூர். ரகுநாதாச்சாரி நின்ன இடத்துல இன்னைக்கு நின்னா வெறுங்கண்ணுக்கு எத்தனை விண்மீன் தேறும்?

13. நான் இருக்கிற அடி அண்ணாமலை மலைக்கு மேற்குப் பக்கம். ஊர் வெளிச்சத்தை மலையே கொஞ்சம் மறைக்கும். ஆனா இங்கயும் வருஷத்துக்கு வருஷம் விளக்கு கூடுது. விளக்கே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். இருட்டுல நடந்து பாம்புக்கடியோட வர்றவங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். கிரிவலம் போற வயசானவங்களுக்கு வெளிச்சம் வேணும். கேட்கிறது ஒன்னுதான்: வெளிச்சம் காலடியில விழட்டும், வானத்துக்குப் போக வேண்டாம். விளக்குக்கு மேல ஒரு மூடி, கண்ணைக் கூசாத மஞ்சள் ஒளி. பாதையும் நல்லா தெரியும், கரண்ட்டும் மிச்சம்.

14. இப்போ கேள்விக்குப் பதில். வாங்கலாம். ஆனா தனியா வாங்காதீங்க. நாலு வீடு சேர்ந்தோ, ஊர்ப் பள்ளிக்கோ வாங்குங்க. அழகான படம் பத்து நாள்ல அலுத்துடும். குறிப்பு எடுத்தா அலுக்காது. ஒன்னு மறக்காதீங்க: சூரிய ஃபில்டர் இல்லாம சூரியன் பக்கம் திருப்பவே கூடாது.

15. ஒரு வேலை தர்றேன். ஜனவரியில ராத்திரி 9 மணி வாக்குல, தெற்கு அடிவானத்துக்கு மேல சுமார் 15 டிகிரியில ஆர் ரெட்டிகுலி இருக்கும். சுமார் ஒன்பது மாசத்துக்கு ஒரு முறை பிரகாசமாகி மங்கும். மங்கினப்போ உங்க கருவிக்குத் தெரியாம போகலாம். அதையும் தேதியோட எழுதுங்க. 1911 முதல் இயங்குற அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு யார் வேணாலும் அளவுகளை அனுப்பலாம்.

16. ரகுநாதாச்சாரிக்குப் பிள்ளைங்க செய்யக்கூடிய மரியாதை அதுதான். அவர் ஆரம்பிச்ச குறிப்புல இன்னைக்குத் தேதிக்கு ஒரு வரி சேர்க்கிறது. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன்.