கல்லும் அரமும்

பாரிஸில் மருத்துவர் ஜான் சிவியால் சிறுநீர்ப்பைக் கல்லைக் கத்தியின்றி உடைத்துக் காட்டியதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது லக்னோவில் வாழ்ந்த ஒரு படைவீரர் குறுக்கே வந்துவிட்டார். அவரைத் தாண்டிப் பாரிஸுக்குப் போக மனம் வரவில்லை.

கிளாட் மார்ட்டின் 1735-இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். பதின்ம வயதில் படைவீரனாகப் புதுச்சேரிக்கு வந்தார். 1760-இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் நெருக்கிக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் பக்கம் தாவினார். சோறு போட்ட படையை அந்த நேரத்தில் கைவிட்டது துரோகம்தான். எத்தனை முறை படித்தாலும் என்னால் வேறு பெயர் சொல்ல முடியவில்லை. பின்னர் லக்னோவில் நவாபின் ஆயுதச் சாலையைக் கவனித்துப் பெரும் செல்வம் சேர்த்தார். நில அளவை, துப்பாக்கி, இயந்திரம் எல்லாம் பழகிய கை அவருடையது.

1782-இல் அந்தக் கைக்கு ஒரு வேலை வந்தது. சிறுநீர்ப்பையில் கல். வைத்தியரிடம் போனால் கத்திதான். மயக்க மருந்து கிடையாது. ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே கீறி எடுக்கும் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஐந்து பேரில் ஒருவர் பிழைப்பதில்லை.

மார்ட்டின் கத்திக்குச் சம்மதிக்கவில்லை. மெல்லிய எஃகு ஊசியொன்றில் அரம்போலப் பல் வெட்டினார். சிறுநீர்த் தாரைக்குள் குழாயைச் செலுத்தி, அதன் வழியே அரத்தை நுழைத்து, தன் கல்லைத் தானே அராவினார். ஒரு நாளில் 12 முறைகூட. இப்படியே ஆறு மாதம்! கல் பொடிப்பொடியாகச் சிறுநீரோடு போனது.

இது வெறும் துணிச்சல் என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. கல்லின் மேல் அரம் உரசுகிறதா, சதையில் படுகிறதா என்று எந்த வைத்தியருக்கும் தெரிய வழியில்லை. மார்ட்டினுக்குத் தெரியும். அராவும் கையும் வலிக்கும் உடம்பும் ஒருவருடையவை. வலித்தால் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம், அவசரமில்லை. உடம்பைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியிலேயே கல்லை வெளியேற்றலாம் என்பதை அவர் தன் மேலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். வைத்தியம் படித்தவர்கள் நம்பிக்கையோடு அந்த வழிக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

கடைசிக் காலத்தில் சிறுநீர்ப்பை நோய் அவரை மறுபடி பிடித்தது. 1800 செப்டம்பரில் லக்னோவில் இறந்தார். அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த லா மார்ட்டினியர் பள்ளிகள் லக்னோவிலும் கொல்கத்தாவிலும் லியோனிலும் இன்றும் நடக்கின்றன.

சிவியாலுக்கு இடம் போதவில்லை. அவருடைய கருவி மூன்று விரலாக விரிந்து கல்லைக் கவ்வும்; நடுவிலிருந்து ஒரு துரப்பணம் கல்லைத் துளைக்கும். 1824 ஜனவரி 13 அன்று அது நோயாளியின் உடலுக்குள் நுழைந்தது. அந்த அறையிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.