முறையில்லாத் துக்கம்: பாடகர் மறைவும் யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டு ஒழுங்கும்

யாழ்ப்பாணச் சமூகத்தில் துக்கம் உறவுமுறையின் வழியே நடைபெறுகின்றது. இறந்தவருக்கு ஒருவர் என்ன முறை என்பதைக் கொண்டே அவர் செத்தவீட்டில் எங்கே நிற்பார், எந்தக் கிரியையில் கைவைப்பார், எத்தனை நாள் துடக்குக் காப்பார் என்பன முடிவாகின்றன. துடக்கு என்பது பிறப்பினாலும் இறப்பினாலும் நெருங்கிய உறவினரைச் சேரும் தீட்டு; இறப்பின் வழி வருவது பெரும்பாலும் 31ஆம் நாள் அந்தியேட்டியோடு கழிகின்றது. கொள்ளி வைப்பவர் மகன், பந்தம் பிடிப்பவர் பேரப்பிள்ளைகள், ஒப்பாரி சொல்பவர் பெண் உறவினர். ஒப்பாரியின் ஒவ்வோர் அடியும் இறந்தவரை ஏதோவொரு முறை சொல்லி அழைத்தே நகர்வதால், முறை இல்லாதவருக்கு அழுவதற்குரிய மொழியே கிட்டுவதில்லை. அவ்வாறாயின், வானொலியிலும் இசைத்தட்டிலும் மட்டுமே கேட்டறிந்த ஒரு பாடகர் இறக்கும்போது, அவருக்கு எந்த முறையும் இல்லாத கேட்போர் எந்த வடிவத்தில் துக்கம் கொண்டாடுகின்றனர் என்ற கேள்வி எழுகின்றது. அவருடைய பாட்டையே ஒப்பாரியின் இடத்தில் வைக்கின்றனர் என்பதும், அந்த இடமாற்றம் செத்தவீட்டு ஒழுங்கோடு நேராக முரண்படுகின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முரண்பாட்டின் தன்மையைச் சண்டிலிப்பாய் போன்ற ஓர் ஊரில் தெளிவாகக் காணலாம். மானிப்பாய்க்கும் சங்கானைக்கும் இடையே, காரைநகர் வீதியை ஒட்டிக் கிடக்கும் இவ்வூர், நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் அந்தாதியால் இலக்கியத்தில் இடம்பெற்ற கல்வளைப் பிள்ளையாரையும் சீரணி நாகபூசணி அம்மனையும் கொண்ட சைவச் சூழலுக்குரியது. இத்தகைய ஊர்களில் கோயிலை அண்டிய வீடொன்றில் இறப்பு நிகழ்ந்தால் உடல் எடுக்கப்படும்வரை பூசையைத் தள்ளிவைப்பது வழமை. அயல்வீடுகளிலும் வானொலியின் சத்தம் அடங்கும். செத்தவீட்டில் அனுமதிக்கப்பட்ட ஒலிகள் பறைமேளம், ஒப்பாரி, சுண்ணம் இடிக்கையில் பாடப்படும் திருப்பொற்சுண்ணம், பிற திருமுறைப் பாடல்கள் ஆகியனவே. ஒலிபெருக்கி கட்டிச் சினிமாப் பாட்டுப் போடுவது கலியாண வீட்டுக்குரியது. செத்தவீட்டில் அதனை எவரும் நினைத்தும் பார்ப்பதில்லை. ஆனால் பாடகர் ஒருவர் இறந்த நாளில் வானொலி நாள் முழுவதும் செய்வது இதையேதான். ஒரு வீட்டின் துக்கத்துக்கு அவமதிப்பாகும் செயல், வீடில்லாத துக்கத்துக்கு மரியாதையாகின்றது.

இம்முரண் மிகக் கூர்மைப்படுவது ஏ. ஈ. மனோகரனின் மறைவில். 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்று இலங்கையிலும் 'சிலோன் மனோகர்' என்று தமிழகத்திலும் அறியப்பட்ட அவர், 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில், தம் 73ஆம் வயதில் காலமானார். அவரோடு இணைத்து நினைக்கப்படும் 'சுராங்கனி', மீன் கொண்டுவந்திருக்கும் சேதியைப் பெண்ணொருத்திக்குக் கூவிச் சொல்லும் குதூகலமான பைலாப் பாட்டு; 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் அது தமிழகத்துக்கும் சென்றது. பைலா என்பது போர்த்துக்கேயர் காலத் தொடர்பினால் இலங்கைக் கரையோரத்தில் வேரூன்றி, காபிரி மக்களின் தாளங்களையும் உள்வாங்கி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாலி பஸ்டியன் போன்றோரால் சிங்கள மேடைக்கு வந்த ஆட்டப் பாட்டு. அதன் தாளத்தில் உட்கார்ந்திருப்பதே கடினம். அழுவது இன்னும் கடினம். துயர்ப் பாடல்களைப் பாடி மறைந்தவரின் குரலை ஒலிபரப்பினால் அப்பாட்டே ஒப்பாரியின் சாயலைப் பெற்றுவிடும். மனோகரனுக்கோ அந்த வசதி இல்லை. அவருக்காக ஒலித்தவை துள்ளல் பாட்டுக்களே. இழவு வீட்டுக்கு எவ்வகையிலும் பொருந்தாத அப்பாட்டுக்கள், எவரும் பிழை சொல்லாமல் இழவின் கடமையைச் செய்தன. எனவே பாட்டு ஒப்பாரியாவது அதன் சோகத்தினால் அன்று. பாடியவரோடு கேட்டவருக்கு இருந்த ஒரே உறவு அந்தப் பாட்டு என்பதனாலேயே.

அவரைக் குறித்த அஞ்சலிகளில் வேறொரு வேலையும் நடந்தது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினம் முதலியோர் பாடிப் பரப்பிய பொப்பிசை, அதாவது துள்ளிசை, இளைஞரிடையே பெருவிருப்பைப் பெற்றிருந்தபோதும், கர்நாடக இசையைக் கல்வியின் அடையாளமாகக் கொண்ட யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தினரிடையே பெருமதிப்பைப் பெறவில்லை. இணுவில், அளவெட்டிச் சூழலில் வளர்ந்த நாதசுர, தவில் மரபின் நிலை வேறு. 1975இல் மறைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி போன்றோருக்குச் சீடர், உடன் வாசித்தோர், கோயில் என முறை சொல்லத்தக்க ஒரு சுற்றம் இருந்தது. அத்தகையோரின் துக்கத்தை மரபு தாங்கிக்கொண்டது. துள்ளிசைப் பாடகருக்கு அச்சுற்றம் இல்லாததனால், பத்திரிகை அஞ்சலியே அவருக்கு மரபொன்றைக் கட்டிக்கொடுத்தது. வாழ்ந்த காலத்தில் விளையாட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்டது, இறப்பின் பின் ஈழத்து இசை வரலாறு என்று பெயர் பெற்றது. இதனைப் பாசாங்கு என்று தள்ளிவிடலாம். எனினும் அந்தியேட்டியன்று உறவினர்க்கு வழங்கப்படும் கல்வெட்டு என்னும் நினைவுநூலும் இறந்தவரின் ஊர்ச் சிறப்பையும் குலச் சிறப்பையும் சற்று மிகுத்தே பாடுகின்றது என்பதை நினைத்தால், அஞ்சலி எழுதியோர் ஊரின் பழக்கத்தையே பின்பற்றினர் எனலாம்.

உடல் எங்கே இருந்தது என்பதும் கருதத்தக்கது. எழுச்சிப் பாடல்களாலும் பக்திப் பாடல்களாலும் அறியப்பட்ட எஸ். ஜி. சாந்தன் 2017 பெப்ரவரி 26ஆம் திகதி யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். போய்ப் பார்க்கத்தக்க ஓர் உடலும் போகத்தக்க ஒரு வீடும் இருந்தமையால் அவருக்கான துக்கம் வழமையான வடிவத்துக்குள் பெருமளவு அடங்கியது. எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020 செப்ரெம்பர் 25ஆம் திகதி சென்னையில் காலமாகி, மறுநாள் தாமரைப்பாக்கத்தில் காவல்துறை மரியாதையுடன் நல்லடக்கம் செய்யப்பட்டபோது, யாழ்ப்பாணத்தவர்க்கு அவ்வுடல் தொலைக்காட்சித் திரையில் மட்டுமே இருந்தது. அவருடைய இறப்புக்கு முன்பே, ஓகஸ்ட் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு, திரையுலகினரின் அழைப்பை ஏற்றுப் பலர் தத்தம் இடங்களில் அவர் பாட்டுக்களை ஒலிக்கவிட்டு அவர் நலம்பெற வேண்டினர். வேண்டுதலாக ஒலித்த அதே பாட்டுக்கள் ஐந்து வாரங்களின் பின் இழவுப் பாட்டுக்களாயின. இடையில் மாறியது கேட்பவரின் நிலை மட்டுமே.

உறவினர் துக்கத்துக்கு மரபு வகுத்திருக்கும் இன்னொன்றும் இங்கே இல்லை, அது முடிவு. எட்டுச்செலவு, கீரிமலைக் கடலில் அஸ்தி கரைத்தல், அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று படிப்படியாகத் துக்கம் தளர்க்கப்பட்டு, பின்னர் ஆண்டுக்கொரு திதியாகச் சுருக்கப்படுகின்றது. விலக்கி வைத்த கொண்டாட்டங்களுக்குக் குடும்பத்தினர் எப்போது திரும்பலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. பாடகரின் நினைவுநாளையோ வானொலி திதி பாராமல் ஆங்கிலத் திகதியில் வைக்கின்றது. கேட்பவரைத் துடக்குத் தொடாததனால் கழிப்பதற்கும் எதுவும் இல்லை. பாலசுப்பிரமணியத்தின் குரல் அவர் அடக்கமான வாரத்திலேயே எங்கோ ஒரு கலியாண வீட்டிலும் ஒலித்திருக்கும். அதைத் தடுக்கும் உரிமையோ, இன்று முதல் போடலாம் என்று விடுவிக்கும் உரிமையோ எந்த ஐயருக்கும் எந்த மூத்தவருக்கும் இல்லை.