நலத்திட்ட மானியங்களும் 282-ஆவது பிரிவும்

இந்திய அரசியலமைப்பின் 282-ஆவது பிரிவு, நடுவண் அரசும் மாநில அரசுகளும் எந்தவொரு பொது நோக்கத்துக்கும் மானியம் வழங்கலாம் என்று கூறுகிறது. அந்த நோக்கம் தாம் சட்டம் இயற்றக்கூடிய துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பொதுச் சுகாதாரம், வேளாண்மை போன்ற மாநிலப் பட்டியல் துறைகளுக்குள் தில்லியின் பணம் வந்த வழி பெரும்பாலும் இதுவே.

இப்பிரிவு 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 150-ஆவது பிரிவிலிருந்து வந்தது. மாநிலங்களுக்கு உதவி செல்லவேண்டிய முறையான பாதை 275-ஆவது பிரிவும் நிதி ஆணையமும்தான்; 282 'பல்வகை நிதி ஏற்பாடுகள்' என்ற தலைப்பின்கீழ் ஒதுங்கிக் கிடந்தது. 1950 மார்ச்சில் திட்டக்குழு அமைந்தபின் நிலைமை தலைகீழானது. திட்ட மானியங்கள் இவ்வழியே பாய்ந்தன. இரண்டாம் நிதி ஆணையத்தின் தலைவராக இருந்த க. சந்தானம், திட்டமிடல் கூட்டாட்சியை ஓரங்கட்டிவிட்டதாகக் கருதினார். தமிழ்நாடு அரசு 1969-இல் அமைத்த இராஜமன்னார் குழு, 1971-இல் அளித்த அறிக்கையில், எல்லா மானியங்களும் நிதி ஆணையம் போன்ற தனித்த அமைப்பின் பரிந்துரைப்படியே வழங்கப்பட வேண்டும் என்றது. அது நடக்கவில்லை.

உச்ச நீதிமன்றமும் எல்லை வகுக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியை எதிர்த்த பீம் சிங் வழக்கில், 2010-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 'பொது நோக்கம்' என்பதற்கு விரிந்த பொருள் தந்தது. அத்தீர்ப்பை எழுதிய ப. சதாசிவமே, 2013-இல் தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் பற்றிய சுப்பிரமணியம் பாலாஜி வழக்கிலும் அச்செலவுகளை ஏற்றார்.

கொடுப்பதற்கு எல்லை இல்லை என்பது ஏழைக்கு நல்லதாகவே தோன்றும். ஆனால் விருப்பப்பட்டுக் கொடுப்பதை விருப்பப்பட்டு நிறுத்தவும் முடியும். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை அடுத்த வேப்பூர், கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதிச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் ஆறு மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அச்சட்டத்தின்கீழ் நூறு நாள் வேலை வெறும் மானியமாக இருக்கவில்லை, சட்டம் தந்த உரிமையாக இருந்தது. கேட்டு 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையின்மைப்படி தரவேண்டியிருந்தது. 2022-இல் மேற்கு வங்கத்துக்கு இந்த நிதி நிறுத்தப்பட்டபோது, திட்டத்தை மீண்டும் தொடங்குமாறு 2025-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையிட்டதற்குப் பின்னணியில் அந்தச் சட்டம் இருந்தது.

பள்ளிகளுக்கான சமக்ர சிக்ஷா திட்டத்துக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. தமிழ்நாடு பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் 2024-25-க்குரிய 2,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை நிறுத்தப்பட்டது. ஆசிரியர் சம்பளம் முதல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி வரை இந்நிதியில் அடங்கும்.

அமெரிக்காவில் 2012-இல், புதிய மருத்துவ உதவி விரிவாக்கத்தில் சேர மறுக்கும் மாநிலங்களின் பழைய நிதியையும் பறிப்பது வற்புறுத்தல் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தோடு முடிச்சுப் போடலாமா என்ற இதே கேள்வியைத்தான், 2025 மே மாதம் 131-ஆவது பிரிவின்கீழ் தொடுத்த வழக்கில் தமிழ்நாடு இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது.