எல்லைக்கு வெளியே போகும் புகை: நகரங்களின் கார்பன் கணக்குக்கு ஒரு சிறு வரலாறு

2012-ல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் ஒரு சவாலை ஏற்றது. 2025-க்குள் உலகின் முதல் கார்பன் சமநிலைத் தலைநகராக மாறுவோம் என்றது. பத்து ஆண்டுகள் மற்ற நகரங்கள் அதைப் பார்த்துப் பாடம் படித்தன. 2022 ஆகஸ்டில் அந்த நகர நிர்வாகமே ஒப்புக்கொண்டது: குறித்த ஆண்டுக்குள் முடியாது.

தோற்றுப்போன கதை என்று இதைக் கடந்துபோக வேண்டாம் தோழர்களே. உமிழ்வை உண்மையிலேயே பெருமளவு குறைத்த நகரம் அது. நமக்கான பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நகரம் தன் புகையை எப்படி எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது?

இந்தக் கணக்கின் கதை கனடாவில் தொடங்குகிறது. 1988-ல் டொரன்டோவில் கூடிய பருவநிலை மாநாடு, 2005-க்குள் கரியமில வாயுவை 20 சதவீதம் குறைக்கச் சொன்னது. நாடுகள் தயங்கி நிற்க, 1990-ல் டொரன்டோ நகர மன்றம் அந்த இலக்கைத் தனதாக்கிக்கொண்டது. அதே ஆண்டு உள்ளாட்சிகளின் சர்வதேச அமைப்பான இக்லி பிறந்தது. நகரங்கள் எண்ணத் தொடங்கின. ஆனால் ஒன்று மின்சாரத்தைச் சேர்க்கும், இன்னொன்று குப்பையை விட்டுவிடும். ஒப்பிடவே முடியாத நிலை. 2014 டிசம்பரில், லிமா மாநாட்டின்போதுதான் நகரங்களுக்கென ஒரு பொது நெறிமுறை வந்தது.

அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. நகர எல்லைக்குள் எரிவது முதல் வகை. மின்கட்டமைப்பிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் புகை இரண்டாவது. நகரத்தால் எல்லைக்கு வெளியே உண்டாவது மூன்றாவது. கடைசி வகையில் வெளியே கொட்டும் குப்பை போன்ற சிலவற்றுக்கே கட்டாயம். நகரவாசி உண்ணும் உணவு, உடுத்தும் துணி, வீட்டுக்கு வாங்கும் சிமென்ட் ஆகியவை வேறெங்கோ கக்கிய புகைக்குக் கட்டாயம் இல்லை.

இனி கோபன்ஹேகனின் கணக்கைப் பாருங்கள். அதன் விமான நிலையம் பக்கத்து நகராட்சியான டோர்ன்பியில் இருக்கிறது. விமானப் புகை தலைநகரின் கணக்கில் ஏறவில்லை. நிலக்கரிக்குப் பதில் இறக்குமதி மரத்தை எரித்து வீடுகளைச் சூடாக்கினார்கள். விதிப்படி அந்தப் புகை பூஜ்ஜியம். அது மரம் வெட்டிய நாட்டின் நிலக் கணக்கைச் சேர்ந்தது. வாகனப் புகையைக் காற்றாலை மின்சாரத்தால் ஈடுகட்டத் திட்டமிட்டார்கள். கடைசியில் இடித்தது குப்பை எரிஉலை. அதன் புகையிலிருந்து கார்பனைப் பிடிக்கும் திட்டத்துக்கு அரசு நிதி கிடைக்கும் வழி அடைபட்டதும் இலக்கு நழுவியது.

2018-ல் சி40 கூட்டமைப்பு 79 நகரங்களை நுகர்வின் அடிப்படையில் மீண்டும் எண்ணிப் பார்த்தது. மொத்த உமிழ்வு, வழக்கமான கணக்கைவிடச் சுமார் 60 சதவீதம் கூடியது. புகை புதிதாக வந்துவிடவில்லை. கோடு இடம் மாறியது, அவ்வளவுதான்.

கோட்டை யார் போடுகிறார்கள் என்ற கேள்வி நமக்குப் புதிதா? 1932-ல் வாக்குரிமையை ஆராய்ந்த லோதியன் குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். ஐக்கிய மாகாணத்தில் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டிய தீண்டத்தகாதோர் 1.26 கோடி. மாகாணக் குழு சொன்னதோ சுமார் 6 லட்சம். மக்கள் எங்கும் போய்விடவில்லை. யாரை எண்ணுவது என்ற வரையறையைச் சுருக்கினார்கள். எண்ணிக்கை சுருங்கினால் பிரதிநிதித்துவமும் சுருங்கும் என்பதை அம்பேத்கர் அறிந்திருந்தார். அதனால்தான் எண்களோடு மல்லுக்கு நின்றார்.

இப்போது சென்னைக்கு வருவோம். சி40 உறுப்பினரான சென்னை 2023 ஜூனில் தன் பருவநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050-ல் கார்பன் சமநிலை என்பது இலக்கு. நல்லது, வரவேற்போம். ஆனால் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் இன்று பெரும்பாக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலோர் தலித் மக்கள். பெரும்பாக்கம் ஊராட்சி, மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறது. விடியும் முன்பே பேருந்துக்கு நிற்கும் பெண்களோடு நான் பலமுறை நின்றிருக்கிறேன். முன்பு நடந்துபோன வீட்டுவேலைக்கு இன்று சுமார் 25 கிலோமீட்டர் பயணம். அவர்கள் வீட்டு விளக்கும் அடுப்பும் நகரத்தின் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டன. அவர்கள் வாழ்ந்த கரையில் பூங்கா வந்தால், அது நகரத்தின் பசுமைக் கணக்கில் ஏறும்.

வடசென்னையில் கொடுங்கையூர் குப்பை எரிஉலைத் திட்டத்தை மக்கள் எதிர்க்கிறார்கள். பணக்கார கோபன்ஹேகனின் கணக்கையே கவிழ்த்தது ஓர் எரிஉலைதான் என்பதை அவர்களோடு சேர்ந்து நாமும் சொல்வோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் நகரம் கார்பன் அறிக்கை வெளியிட்டால் கடைசிப் பக்கத்து இலக்கை முதலில் பார்க்காதீர்கள். எல்லை வரைபடத்தைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே எந்தக் குடியிருப்பு, எந்தக் குப்பைமேடு, எந்த அனல்மின் நிலையம் இருக்கிறது என்று குறியுங்கள். உமிழ்வை வார்டு வாரியாக, வருமான வாரியாகக் கேளுங்கள். குறைத்த டன்னோடு, வெளியேற்றிய குடும்பங்களின் எண்ணிக்கையையும் அதே அட்டவணையில் கேளுங்கள்.

ஊர், சேரி என்று கோடு போட்ட சமூகம் இது. கார்பன் கணக்கிலும் அந்தக் கோடு விழுந்தால், அதைக் கண்டுபிடிக்க நம்மைவிடப் பழகிய கண்கள் யாருக்கு இருக்கின்றன?