மெட்டு வந்த கதை, போன கதை

வீணையின் தண்டியில் வரிசையாகப் பித்தளை மெட்டுகள் உண்டு, வயலினில் இல்லை. மின் பேஸ் கிடாரின் வரலாறே இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முன்பு அமெரிக்க இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயி ஒலியைத் தந்தது ஆளுயர டபுள் பேஸ். மற்ற வாத்தியங்களின் முழக்கத்தில் அதன் ஒலி அமுங்கிவிடும். மெட்டுகள் இல்லாததால், விரல் சற்றே விலகினாலும் சுருதி பிசகும்.

1930-களில் சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் மெட்டுகளுடன் மின் பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் செய்ததே பரவியது. அதில் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறி, கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்ட விதிதான் இது! அந்த மெல்லிய மின்சாரத்தை ஆம்ப்ளிஃபயர் வலுப்படுத்தும். மெட்டுகளோ சுருதியைத் துல்லியமாக்கின. ஆகவேதான் அதற்கு 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று பெயர்.

ஆயினும் மெட்டு சுருதியைப் படிகளாக வெட்டுகிறது. வயலின்போல் வழுக்கி இழைய விடுவதில்லை. 1970-களில் ஜாக்கோ பஸ்டோரியஸ் மெட்டுகள் நீங்கிய ஃபெண்டர் பேஸை வாசித்தார். தந்தி மரத்தைத் தேய்க்காதிருக்க விரற்பலகைமேல் எபாக்சிப் பிசின் பூசியிருந்தார். கருவி மனிதக் குரல்போல் பாடியது.

துல்லியத்துக்காக வந்த மெட்டு, இழைவுக்காக விலகியது. கருவியைத் திருத்துவது ஒருமுறையோடு முடிவதில்லை, பாருங்கள்!