எத்தனை தென்னை தூரம்

போன அமாவாசை ராத்திரி, துடியலூருக்கு மேற்கே பன்னிமடைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில், புதிதாக வாங்கிய டார்ச் லைட்டை அடித்துப் பார்த்தேன். தூரம் அளக்கத் தென்னைகள் இருந்தன. இட்டேரிப் பாதை ஓரமாக, எங்களுடையதும் பங்காளிகளுடையதுமாக, நாற்பது மரம் ஒரே வரிசையில் நிற்கின்றன. மரத்துக்கு மரம் 25 அடி. கடைசி மரம் ஏறக்குறைய 300 மீட்டர்.

பெட்டியில் 600 மீட்டர் என்று போட்டிருந்தது. கடைசி மரத்தின் கொண்டை வெளிறித் தெரிந்தது; அதன் அடியில் இருப்பது மாடா புதரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பத்தாவது மரத்தடியில் கிடந்த மட்டையோ பளிச்சென்று தெரிந்தது. அந்த 600 மீட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. பௌர்ணமி நிலா தரையில் விழுகிற அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு, வெளிச்சம் மெலியும் இடத்தைத்தான் எல்லை என்று குறிக்கிறார்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஆகவே வெளிச்சம் போய்ச் சேரும் தூரம் வேறு, கண்ணுக்கு ஆள் அடையாளம் தெரியும் தூரம் வேறு. இந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படித்து வருகிறோம்.

அப்பாரு (தாத்தா) காலத்தில் கிணற்றுத் தண்ணீரைக் காளைகள்தான் இறைத்தன. விடிகாலையில் கவலை ஏற்றம் பூட்டினால் வெயில் ஏறும்வரை ஓடும். ராத்திரி வயலுக்குப் போவது காவலுக்கு மட்டுமே. பன்றி வரும், முயல் வரும். நாலு பேர் சேர்ந்து போவார்கள். ஒருவர் கையில் காய்ந்த ஓலையைச் சுருட்டிக் கட்டிய பந்தம், இன்னொருவர் கையில் அரிக்கேன் லைட்டு. பந்தம் பத்தடிக்குத்தான் காட்டும். ஆனால் பந்தம் பிடித்தவனை ஊரே பார்க்கும். தான் பார்ப்பதைவிடத் தான் இருப்பதைத் தெரிவிக்கும் வெளிச்சம் அது. தனியாக ஒருவன் இருட்டில் போக அது போதாது.

1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்டு மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். மில்லுக்கு வந்த கரண்டு கிணற்று மேட்டுக்கும் வந்தது. கவலை மாடுகள் ஓய்ந்தன. ஆனால் மாட்டுக்கு நேரம் குறித்தவர்கள் நாங்கள்; கரண்டுக்கு நேரம் குறித்தவர்கள் வேறு ஆட்கள். பின்னாளில் மும்முனைக் கரண்டு முறை வைத்து வந்தபோது பாதி நாள் ராத்திரியில்தான் மோட்டார் ஓடியது. தண்ணி கட்டும் வேலை பகலிலிருந்து இருட்டுக்கு மாறியது.

டார்ச் லைட் எங்கள் பக்கத்தில் வேர்விட்டதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். நியூயார்க்கில் டேவிட் மிசெல் என்பவர் குழாய் வடிவ டார்ச் லைட்டுக்கு 1899-இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் எவரெடியின் முதல் பேட்டரி ஆலை 1939-இல் கல்கத்தாவில் வந்தது. 1958-இல் லக்னோவில் டார்ச் ஆலை வந்தது. எங்கள் அய்யன் (அப்பா) வைத்திருந்தது பித்தளையில் செய்த மூணு கட்டை லைட்டு. ஒரு கட்டைக்கு ஒன்றரை வோல்ட், ஆக நாலரை வோல்ட். முன்வளையத்தைத் திருகினால் வெளிச்சம் குவியும், விரியும். பின்மூடிக்குள் ஒரு பல்பு மிச்சமாக இருக்கும். கட்டை தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு ராத்திரி ஓட்டுவார். தீர்ந்தே போனதை உடைத்து, நடுவில் இருக்கும் கரிக்குச்சியால் நாங்கள் சுவரில் எழுதுவோம்.

அந்த லைட்டு பேசவும் செய்தது. நான் கிணற்று மேட்டில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அய்யன் கடைசிப் பாத்தியில் மண்வெட்டியோடு நிற்பார். ஒருமுறை மின்னினால் மடை மாத்தியாச்சு. இரண்டு முறை மின்னினால் மோட்டாரை நிறுத்து. பாம்பு கிடந்தால் லைட்டு அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அது மறுபடி நகரக் காத்திருப்பேன்.

மோட்டாரை ஓட்டிய அந்தக் கரண்டுக்காக விவசாயிகள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டத்தில், 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் 1990-இல்தான் வந்தது.

1984 டிசம்பர் 2 ராத்திரி போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான பேர் இறந்தார்கள். ஆலை யூனியன் கார்பைடுடையது. எங்கள் லைட்டில் போட்ட எவரெடி பேட்டரியும் அதே கம்பெனியுடையது. பேப்பரில் அதைப் படித்த அன்று அய்யன் லைட்டை மடியில் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்குக் கரண்டு வந்தது. அதே லைட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். வேறு லைட்டு எங்களிடம் இல்லை. பேட்டரித் தொழில் 1994-இல் வேறு கைக்கு மாறியது.

2011-இல் துடியலூர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் இப்போது இருட்டு என்பதே இல்லை. ஆனால் இங்கே, தடாகம் மலையடிவாரத்தில், ராத்திரி யானை இறங்குகிறது. வாழை, தென்னங்குருத்து, மாட்டுத் தீவனம் எல்லாம் அதற்குத் தெரியும். இளவட்டங்கள் ஆளுக்கு ஒரு எல்இடி லைட்டு வைத்திருக்கிறார்கள். யானையைக் கண்டதும் முகத்தில் அடிக்கிறார்கள். கண் கூசிய யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்? வனத்துறையின் காவலர் ஒருவர் என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: “லைட்டக் கீழ புடிங்க சாமி, காட்டிட்டு ஒதுங்கிக்குங்க.”

தூரமாக எட்டும் லைட்டு விரட்டுவதற்கல்ல. முன்கூட்டியே தெரிந்துகொண்டு திரும்பி வருவதற்கு. பந்தம் தராத, அய்யனின் மூணு கட்டை பாதியளவே தந்த அவகாசத்தை இது எனக்குத் தருகிறது. பத்தாவது தென்னையில் அசைவு தெரிந்தால் வீடு சேர எனக்கு நேரம் உண்டு. முப்பதாவதில் தெரிந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் பண்ணவும் நேரம் உண்டு.

அன்று சோதித்து முடித்ததும் வெளிச்சத்தைக் கால்மாட்டுக்குத் தாழ்த்தி இட்டேரியில் நடந்து வந்தேன். வாசலில் பேரன் உட்கார்ந்திருந்தான். கேட்காமலே தெரிந்தது, அவன் வெளிச்சம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று. ஒருமுறை மின்னவிட்டேன்.