உலைக்குத் தப்பிய வெள்ளித் தொட்டி

நான்கு சிறுத்தைகள் சங்கிலியில் கட்டுண்டு பதுங்கியிருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு பெரிய தொட்டி. இருபுறமும் கைப்பிடிகளாக மது தேவன் பாக்கஸின் கூட்டத்தார் சாய்ந்திருக்கிறார்கள். பக்கங்களில் திராட்சைக் கொடியும் குடித்துக் களிக்கும் குழந்தைகளும். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்தத் தொட்டி முழுக்க வெள்ளி. பிரபு வீட்டு விருந்தில் பனிக்கட்டி நிரப்பி மதுப் புட்டிகளைக் குளிரவைக்கத்தான் இத்தனை வேலைப்பாடு.

ஹென்றி ஜெர்னிங்ஹாம் என்ற லண்டன் வங்கியர், 1734-ல் சார்லஸ் ஃபிரடெரிக் காண்ட்லர் என்ற வெள்ளி வேலைக்காரரைக் கொண்டு இதைச் செய்து முடித்தார். வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் வெர்ட்யூ. உருவங்களுக்கு மெழுகில் மாதிரி பிடித்தவர் சிற்பி ரைஸ்பிராக்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வீட்டு வெள்ளி என்பது கையிருப்புப் பணம். நாணயத்துக்கும் தட்டுக்கும் உலோகம் ஒன்றே. ஆயிரம் பங்கில் 925 பங்கு சுத்த வெள்ளி இருந்தால்தான் பொற்கொல்லர் மன்றத்தில் சிங்க முத்திரை விழும். அந்த முத்திரையை நம்பி எவரும் எடை போட்டு வாங்கலாம். அதுவே பாத்திரத்துக்கு எமனும் ஆனது. பழைய மோஸ்தர் அலுத்தால் உருக்கிப் புதிது செய்தார்கள். போர் வந்தால் காசாக்கினார்கள். 1643-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் படைச் செலவுக்காக ஆக்ஸ்ஃபோர்ட் கல்லூரிகளின் வெள்ளி உலைக்குப் போனது. எடைக்குப் பணம் கிடைத்தது. செய்கூலி போனது போனதுதான். தலைமுறை தலைமுறையாகக் கைகள் செதுக்கிய அழகு அந்தக் கணக்கில் வரவே இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது. இன்று அருங்காட்சியகங்களில் நாம் காண்பது உலைக்குப் போகாமல் மிஞ்சிய கொஞ்சம்தான்.

ஜெர்னிங்ஹாமின் தொட்டிக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கலாம். அவ்வளவு விலை கொடுக்க ஆளில்லை. உருக்கினால் வெள்ளியின் விலை கைக்கு வந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை, நாடாளுமன்றத்தை அணுகினார். தேம்ஸ் நதியின் மேல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் கட்டப் பணம் திரட்டும் லாட்டரிக்கு இதையே பரிசாக வைக்கலாம் என்றார். 1737-ல் குலுக்கல் நடந்தது. சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த வில்லியம் பாட்டின் என்ற ராணுவ மேஜருக்குப் பரிசு விழுந்தது. சில ஆண்டுகளிலேயே தொட்டி கடல் கடந்து ரஷ்ய அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. 1750-ல் பாலம் திறந்தபோது அது இங்கிலாந்திலேயே இல்லை.

இன்று அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1880-களில் எல்கிங்டன் நிறுவனத்தார் அதை அச்சு எடுத்து, மின்முலாம் பூசி நகல் செய்தார்கள். அந்த நகல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. சிறுத்தைகளின் சங்கிலி வரை அதில் அப்படியே பதிந்திருக்கிறது.